கம்பி பாடும் ஊர்

வசந்தாமணியின் வலது காதுக்குள் பல வருசமாக இருந்த சத்தம், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தியிருந்த ஒரு நாள் காலையில், குழாயடியில் வைத்து வெளியே வந்தது. பக்கத்தில் குடத்தோடு நின்ற தெய்வானை, "ஆரு வீட்டுல குக்கரு வெச்சுட்டு மறந்துட்டாங்க? விசிலும் போடாம, நிக்கவும் நிக்காம இழுத்துக்கிட்டே கெடக்குது" என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். வசந்தாமணி தலையைத் திருப்பினாள். சத்தமும் கூடவே திரும்பியது. மறுபடி இந்தப் பக்கம் திருப்பினாள், இந்தப் பக்கம் வந்தது. தெய்வானை தன் காதை அவள் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்துக் கேட்டுவிட்டு, "உன்ற காதுக்குள்ள இருந்துதான் புள்ள வருது" என்றாள். அதற்குள் தன் முறை வந்துவிடவே, குடத்தை நகர்த்திக் குழாய்க்குக் கீழே வைத்தாள்.

ஓடைக்காட்டுப்புதூர் விசைத்தறி ஊர். வீட்டுக்குப் பின்னால் பட்டறை, பட்டறைக்குப் பின்னால் வீடு என்று கட்டிக்கொண்டே போனவர்கள், தறி ஓடுகிற இடத்திலேயே தொட்டில் கட்டிப் பிள்ளை வளர்த்தார்கள், தறிச் சத்தத்துக்கு மேலே கத்திச் சண்டை போட்டார்கள், கத்த முடியாதபோது கையால் பேசினார்கள், எதிராளியின் உதட்டைப் பார்த்தே பாதிப் பேச்சைப் பிடித்தார்கள். வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வருகிற பெண் முதல் மாசம் முழுக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அப்புறம் அவளும் கத்தப் பழகிக்கொள்வாள். அப்படிப்பட்ட ஊரில் மாசத்துக்கொரு நாள் பராமரிப்பு என்று சொல்லிக் காலையில் கரண்டை நிறுத்துவார்கள், சாயங்காலம்தான் வரும், அத்தனை தறியும் ஒரே மூச்சில் நின்றுபோகும், நின்ற அந்த நொடியில் ஊரில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் எங்கேயோ மேலேயிருந்து மெலிசாக ஒரு சத்தம் கேட்க ஆரம்பிக்கும். கம்பத்துக்குக் கம்பம் போகிற மின்கம்பிதான் அந்தச் சத்தத்தைப் போடுகிறது, நாளெல்லாம் கரண்டைச் சுமந்த கம்பி அதை இறக்கி வைத்த சுகத்தில் பாடுகிறது என்று ஊர் முடிவு செய்து வெகுகாலம் ஆகியிருந்தது.

தறிக்குப் போகாத பிள்ளைகளுக்கு அது கேட்காது. காது இன்னும் திறக்கவில்லை என்பார்கள். தறியில் சேர்ந்து ஒரு வருசமோ இரண்டு வருசமோ கழித்து ஒரு பிள்ளை, "எனக்கும் கம்பி பாடுது" என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் விசேஷம்தான். அடுத்த பராமரிப்பு நாளில் பிள்ளையைத் தலைக்குக் குளிப்பாட்டி, முச்சந்தியில் இருக்கிற மின்கம்பத்துக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, கம்பத்தில் முதுகு சாய நிற்க வைப்பார்கள். தறி மேஸ்திரி முதலில் தன் காதைக் கம்பத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, ஊர் கேட்க ஒரு கேள்வி கேட்பார்: "கம்பி பாடுதா?" "பாடுது" என்று பிள்ளை சொன்னதும் தெருவுக்கே டீயும் பஜ்ஜியும் போகும். இதற்குக் காது திறப்பு என்று பேர். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை தறியில் முழு ஆள்.

அந்தக் கேள்வியைக் கேட்கிற மேஸ்திரி அர்த்தநாரி, வசந்தாமணியின் புருசன். பட்டறை வாசலில் நின்றபடியே, உள்ளே எந்தத் தறிக்கு என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார் என்று சுற்றுவட்டாரத்தில் பேசிக்கொள்வார்கள். காதுக்கார மேஸ்திரி என்றால்தான் அவரை ஆட்களுக்குத் தெரியும்.

வசந்தாமணியின் கஷ்டம் என்னவென்றால், அவளுக்குக் கரண்டு இருக்கும்போதும் கம்பி பாடியது. சோறு வடிக்கும்போது பாடியது, படுத்தால் பாடியது, அடுத்தவர் இழவு வீட்டில் உட்கார்ந்து அழும்போதும் பாடியது. ஒருமுறை கொல்லிமலையில் ஒரு காட்டுக்கோயிலுக்குப் போனாள். கம்பமும் இல்லை, கம்பியும் இல்லை, வெறும் பாறையும் மரமும்தான், அங்கேயும் பாடியது. அன்றைக்குத்தான் இது கம்பி இல்லை, நான்தான் என்று அவளுக்கு விளங்கியது. புருசனிடம் சொன்னாள். "மலையில கம்பி பாடுச்சாமா, நல்ல கதை" என்று அவர் சிரித்தார், அப்புறம் சொன்னபோதெல்லாம் பைத்தியம் என்று ஏசினார். ஊசி போடுகிற டாக்டரிடம் போனாள். அவர் டார்ச் அடித்துப் பார்த்து, காது சுத்தமாக இருக்கிறது, மனசுதான் அலைகிறது என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். பூசாரி மாரப்பன் வேப்பிலை அடித்தார். தூக்கம் கெட்டுத் தறியில் நின்றாள், இழை அறுந்தது தெரியாமல் ஏச்சு வாங்கினாள், மெல்ல மெல்ல அவள் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டார்கள். ஒருநாள் பட்டப்பகலில் தோட்டத்துக் கிணற்று மேட்டில் நின்று, தண்ணிக்கடியிலாவது இது நிற்குமா என்று யோசித்துப் பார்த்தாள். மகள் கோகிலவாணி சாப்பிடாமல் காத்திருப்பாளே என்ற நினைப்பு வந்து திரும்பிவிட்டாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் ஒரு சத்து மாத்திரை எழுதுவார்கள்.

அதனால் சத்தம் வெளியே வந்த அன்றைக்கு அவளுக்குப் பயம் வரவில்லை, சந்தோசம்தான் வந்தது. வெறுங்குடத்தோடு வீட்டுக்கு ஓடி, கட்டிலில் சாய்ந்திருந்த புருசனின் முகத்துக்கு நேரே காதைக் கொண்டுபோனாள்.

"ஏனுங்க, கேளுங்க. இப்பவாச்சும் கேளுங்க."

அர்த்தநாரி கேட்டார். எழுந்து உட்கார்ந்து கேட்டார். "கேக்குது" என்று சொல்லிவிட்டு, ஏனோ அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேட ஆரம்பித்தார். அவருக்குக் கேட்டதே போதும் என்று வசந்தாமணி அந்த இடத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

ஊர் இந்தச் சத்தத்தை இரண்டு நாளில் பழகிக்கொண்டது. தறி ஓடும்போது அது யாருக்கும் கேட்காது, டீக்கு நிறுத்தினால் கேட்கும், ஆள் வருவதற்கு முன்னால் அது சந்து முனையில் வந்து நிற்கும். வசந்தாமணி எங்கே இருக்கிறாள் என்று தேட வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. தெருநாய்கள் முதலில் தலையைச் சாய்த்துப் பார்த்தன, பிறகு அவள் நிழலிலேயே படுத்துக்கொண்டன. தெய்வானையின் பேரப்பிள்ளை இந்தச் சத்தம் பக்கத்தில் இருந்தால்தான் தூங்கியது, அதற்காக மத்தியானத்தில் அவளைக் கூப்பிட்டு விட்டார்கள், அவளும் போய்த் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன்னைத் தூங்க விடாத சத்தம் ஒரு பிள்ளையைத் தூங்க வைக்கிறதே என்று அவளுக்கு வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் பூசாரி மாரப்பன் வந்தார். வேப்பிலை அடித்தவர் இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், பிறகு இது வேறு எதுவும் இல்லை, கம்பியில் இருந்த ஆத்தாதான் இறங்கி வந்து மேஸ்திரி பொண்டாட்டி காதில் குடியேறியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டார். கம்பியம்மன் என்று பேரும் அவரே வைத்தார். அப்புறம் கேட்க வேண்டுமா? எலுமிச்சம்பழம் வந்தது, மஞ்சள் சீலை வந்தது, தறியில் பாவு நூல் அறாமல் ஓட வேண்டும் என்று நூல்கட்டைக் கொண்டுவந்து அவள் காதில் காட்டி எடுத்துப் போனார்கள். சத்தம் ஏறி இருந்தால் நல்ல சகுனம், இறங்கி இருந்தால் வெள்ளிக்கிழமை வரை பொறுக்கச் சொல்வார் பூசாரி. அவளை ஏசிய பட்டறை முதலாளி இப்போது அவள் வந்தால் எழுந்து நின்றார். அர்த்தநாரியை எல்லோரும் இன்னும் ஒரு பிடி மரியாதையோடு பார்த்தார்கள்.

"மாரப்பண்ணா, இது ஆத்தா இல்லீங்க, எனக்கு நோவுங்க" என்று வசந்தாமணி சொல்லிப் பார்த்தாள். "தலைக்குள்ள ஆணி அடிக்கற மாதிரி இருக்குதுங்க. தூங்கி எத்தனையோ நாளாச்சுங்க."

"ஆத்தா வந்தா அப்படித்தான் ஆத்தா இருக்கும்" என்று பூசாரி அவள் காதைப் பார்த்துக் கும்பிட்டார்.

அவர்கள் சத்தத்தை நம்பினார்கள், அவளை நம்பவில்லை. முன்பு பொய் சொல்கிறாள் என்றார்கள், இப்போது சாமி என்கிறார்கள், இரண்டுக்கும் நடுவில் வலிக்கிறது என்று சொல்கிற ஒரு பொம்பளை இருப்பது அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. இதுக்கு அந்தச் சத்தம் உள்ளேயே கிடந்திருக்கலாம் என்று அவள் நினைத்தாள்.

டவுன் பெரியாஸ்பத்திரியில் காதுக்கென்றே ஒரு டாக்டரம்மா இருக்கிறார் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, போயே தீருவேன் என்று நின்றாள். அம்மனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதா என்று பூசாரி குதித்தார். "டவுனுக்குத் துணி எடுக்கப் போறமுங்க" என்று அவரிடம் ஒரு பொய்யைச் சொல்லி அர்த்தநாரிதான் கூட்டிப்போனார், அதை மட்டும் அவள் கடைசிவரை மறக்கவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் மூன்று தடவை, "அந்தச் செல்போனை ஆப் பண்ணுங்கம்மா" என்றார். நாலாவது தடவை பக்கத்தில் வந்து கேட்டுவிட்டு, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

டாக்டர் மெஹருன்னிசா தடித்த கண்ணாடி போட்டவர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். அவரும் ஆச்சரியப்படவில்லை. வசந்தாமணியின் காதருகே குனிந்து கேட்டார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னும் கேட்டார்.

"எனக்கு வேலை மிச்சம், உங்களோடது எனக்கே கேக்குது" என்றார். "சாதாரணமா இந்தச் சத்தம் இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் கேக்கும். வெளியே யாருக்கும் கேக்காது. அதனாலயே யாரும் நம்ப மாட்டாங்க. எங்க ஆளுங்களே பல பேர் நம்பாம மாத்திரை எழுதி அனுப்பிடுவாங்க. எத்தனை வருசமா இருக்கு?"

"புள்ள பால்குடி மறந்ததுல இருந்துங்க."

கதவும் சுவரும் பஞ்சு வைத்து அடைத்த ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து சோதித்தார்கள். திரும்பி வந்ததும் டாக்டர் சொன்னார்: "உள்காதுல நாத்து மாதிரி மெல்லிசா முளைச்சு நிக்கிற செல்லுங்க இருக்கு. சத்தம் வந்தா அது அசைஞ்சு மூளைக்குச் சேதி சொல்லும். வயல்ல ஆள் நடந்தா நாத்து சாயும், விட்டுட்டா நிமிரும். நாள் பூரா, வருசக்கணக்கா மிதிச்சுக்கிட்டே இருந்தா செத்துப்போகும், திரும்ப முளைக்காது. உங்க தறிச் சத்தம் அப்படி மிதிச்சிருக்கு. அந்த எடத்துல இருந்து சேதி வரலையேன்னு மூளை காத்துக் கிடக்கு. வராத சேதிக்குப் பதிலா அதுவே ஒரு சத்தத்தை உண்டாக்கிக்குது. இது பொய் இல்ல, பைத்தியமும் இல்ல. காதிரைச்சல்னு சொல்லுவோம். இங்கிலீஷ்ல டின்னிட்டஸ்."

"பேர் இருக்குதுங்களா?" என்றாள் வசந்தாமணி.

"இருக்கு."

"பேர் வெச்சிருக்காங்கன்னா, எனக்கு முன்னால ஆருக்கோ இருந்திருக்குதுங்களே."

"கோடிக்கணக்கான பேருக்கு இருக்கும்மா. உலகம் பூரா இருக்கு."

வசந்தாமணி சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். சத்தம் நிற்காது, நிறுத்துகிற மாத்திரை இன்னும் வரவில்லை என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஆனால் காது மிஷின் வைத்தால் அமுங்கும், ஃபேன் சத்தமோ ரேடியோவோ மெலிசாகப் பக்கத்தில் ஓடினால் தூக்கம் வரும், அதைக் கண்டு பயப்படாமல் இருக்கப் பழகினால் மூளை கொஞ்சம் கொஞ்சமாக அதை ஓரத்தில் தள்ளிவிடும், அதற்கு நான் சொல்லித்தருகிறேன் என்றார். அவளுக்கு அதெல்லாம் பாதிதான் ஏறியது. பேர் இருக்கிறது என்பதையே அவள் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள், தொலைந்துபோன பிள்ளை இன்ன ஊரில் இருக்கிறது என்று தகவல் வந்த மாதிரி இருந்தது.

"உங்களுக்கு?" என்று டாக்டர் அர்த்தநாரியைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. கரண்டு நின்னா கம்பி பாடும், அது ஊருல அல்லாருக்கும் கேக்கறதுதானுங்க."

டாக்டர் பேனாவை மூடினார். "கொஞ்சம் அந்த ரூம்ல போய் உக்காருங்க. அங்க கம்பி எதுவும் இல்ல."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று வசந்தாமணி பார்த்தாள். கதவை அடைத்ததும் அவருடைய முகம் ஒரு கணம் அண்ணாந்தது, ஊரில் எல்லோரும் கம்பியைத் தேடி அண்ணாந்து பார்ப்பார்களே, அப்படி. மேலே வெறும் கூரைதான். பிறகு அவருடைய உள்ளங்கை தானாகப் போய்ச் சுவரில் விரிந்து ஒட்டிக்கொண்டது. பட்டறையில் தறிச் சட்டத்தின் மேல் அப்படித்தான் அவர் கையை வைப்பார், வைத்துவிட்டுத்தான் கோளாறு சொல்வார், பல வருசமாக அதைப் பார்த்தும் அவளுக்கு இன்றைக்குத்தான் விளங்கியது. காதுக்கார மேஸ்திரிக்குக் காது போய் எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அவர் கையால் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தவர், "உள்ள ஒண்ணும் பாடலீங்க" என்றார். நெற்றியெல்லாம் வேர்வை. டாக்டர், "மனசு வந்தா எப்ப வேணா வாங்க" என்று அனுப்பினார்.

பஸ்ஸில் பாதி தூரம் வந்த பிறகு வசந்தாமணி சொன்னாள். "பொய் சொல்லிப்போட்டீங்க."

"வாயை மூடிக்கிட்டு வா."

"எத்தன வருசமா எனக்குப் பைத்தியம்னு சொன்னீங்க. உங்களுக்குத் தெரிஞ்சேதானுங்களே சொன்னீங்க."

அர்த்தநாரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "காது போச்சுன்னு தெரிஞ்சா எவன் என்னைய மேஸ்திரின்னு கூப்புடுவான்? சொல்லு பாக்கலாம்" என்றார். அவளுக்குக் கோபம் வந்தது, ஆனால் சுவரில் ஒட்டியிருந்த அவர் உள்ளங்கை நினைவுக்கு வந்தபோது அதுவும் முழுசாக நிற்கவில்லை.

வீட்டு வாசலில் கோகிலவாணி சிரித்துக்கொண்டு நின்றாள். படிப்பை முடித்துவிட்டுத் தறிக்குப் போய் ஒரு வருசம்கூட ஆகாத பெண், அம்மாவின் முகமும் அப்பாவின் உயரமும். "அம்மா, எனக்குக் காது திறந்துடுச்சு" என்றாள். "இன்னிக்கு மத்தியானம் கொஞ்ச நேரம் கரண்டு போனப்ப மெலிசா பாடுச்சு. அத்தையெல்லாம் சர்க்கரை போட்டாங்க வாயில."

வசந்தாமணி மகளை இழுத்து, அவள் வாயில் ஒட்டியிருந்த சர்க்கரையைச் சீலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் வேறு பேச்சில்லை. புள்ளையைத் தறிக்கு அனுப்ப வேண்டாம், இப்பத்தான் ஆரம்பம், இப்ப விட்டா நிமிர்ந்துக்கும் என்று அவள் கெஞ்சினாள். ஊர் வழக்கம், மேஸ்திரி மகளுக்கே காது திறப்பு செய்யாவிட்டால் நாளைக்கு எவன் மதிப்பான் என்று அர்த்தநாரி முனகினார். முன்பு மாதிரி அதட்டவில்லை, அவள் கண்ணைப் பார்த்தும் சொல்லவில்லை. கோகிலவாணிக்கு அம்மா ஏன் தன் விசேஷத்துக்குக் குறுக்கே நிற்கிறாள் என்று புரியவில்லை, அழுதாள். பூசாரிக்கோ கொண்டாட்டம். அம்மன் ஒரு காதில் இறங்கிய வீட்டிலேயே அடுத்த காதும் திறக்கிறது என்றால் சும்மாவா? அடுத்த பராமரிப்பு நாளில் கம்பியம்மனுக்கு நோம்பித் திருவிழாவும் காது திறப்பும் சேர்த்து நடத்துவதாக ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

அந்த நாளும் வந்தது. காலையில் கரண்டை நிறுத்தினார்கள், தறிகள் நின்றன, ஜனம் முச்சந்தியில் கூடியது. கோகிலவாணி ஈரத்தலையோடு, மஞ்சள் பூசிய கம்பத்தில் முதுகு சாய்ந்து நின்றாள். வசந்தாமணியை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து மாலை போட்டிருந்தார்கள். அவள் காதிலிருந்து சத்தம் அந்தச் சந்து முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. எழுந்து போய் மகளை இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று நாலு தடவை நினைத்தாள், சாமியாட்டம் என்று சொல்லிச் சுற்றிப் பிடித்துக்கொள்வார்கள் என்று தெரிந்து உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் அன்றைக்குப் பராமரிப்பு என்று சொன்னவர்கள் நிஜமாகவே பராமரிப்புச் செய்ய வந்திருந்தார்கள். தொய்ந்துபோன பழைய கம்பியை எல்லாம் இறக்கிச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார்கள், புதுக் கம்பியை இன்னும் ஏற்றவில்லை. கம்பம் மொட்டையாக நின்றது. சுருளின் மேல் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்த லைன்மேன் கூட்டத்தைப் பார்த்து, "ஏனுங்க, கம்பியே இல்லாத கம்பத்துக்கு என்னங்க பூசை?" என்று கேட்டார்.

"ஆத்தாளுக்குக் கம்பி எதுக்கு? நீ சோத்தைத் தின்னு" என்று பூசாரி அதட்டினார்.

அர்த்தநாரி முன்னே வந்தார். வழக்கப்படி குனிந்து காதைக் கம்பத்தில் வைத்தார். வைத்த காதை அவர் எடுக்கவில்லை. வெகுநேரம் அப்படியே நின்றுவிட்டு, நிமிர்ந்து, கம்பத்தின் உச்சியைப் பார்த்தார். வெறும் வானம். பிறகு மகளைப் பார்த்தார்.

அவர் கேட்காமலேயே கோகிலவாணி சொன்னாள். "பாடுதுங்கப்பா." சொல்லிவிட்டு அவளும் மேலே பார்த்தாள். "ஆனா கம்பியக் காணமேங்கப்பா. அப்பறம் எது பாடுது?"

எல்லோரும் மேலே பார்த்தார்கள். கம்பி இல்லை, பாட்டு இருந்தது. ஆளாளுக்குத் தனித்தனியாக, அவரவர் தலைக்குள் இருந்தது.

அர்த்தநாரி மகளைக் கம்பத்திலிருந்து விலக்கினார். அவளுடைய இரண்டு காதையும் தன் இரண்டு உள்ளங்கையாலும் பொத்தினார், பொத்தியபடியே ஊரைப் பார்த்துச் சொன்னார்.

"கம்பி பாடலீங்க. என்னைக்கும் பாடுனதில்லீங்க. எனக்குக் காது செத்துப்போச்சு. என்ற பொண்டாட்டிக்கு இருக்கற சீக்குத்தான் எனக்கும் இருக்குது. இவளுக்கு மின்னாலயே இருக்குது."

சொல்லி வாய் மூடுவதற்குள் அவருடைய இரண்டு காதிலிருந்தும் சத்தம் வெளியே வந்தது. வசந்தாமணியுடையது மாதிரி கூர்மையாக இல்லை, தூரத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி தாழ்ந்த குரலில் இருந்தது. தெய்வானை தலையில் கை வைத்துக்கொண்டு, "எனக்கு ரெண்டு சத்தமுங்க, ஒண்ணு பாடும், ஒண்ணு அடிக்கும்" என்றாள், அவளுடையதும் வந்தது. முதலாளி சொன்னார், வந்தது. தார்க்கட்டையில் நூல் சுற்றுகிறவர்கள், பாவு நூல் பிணைக்கிறவர்கள், வேலையை விட்டு எத்தனையோ வருசமானவர்கள், ஒருவர் பின் ஒருவராக எனக்கும், எனக்கும் என்றார்கள், ஒவ்வொரு வாய் சொன்னதும் ஒவ்வொரு காதும் சத்தத்தை வெளியே விட்டது. கடைசியில் பூசாரி மாரப்பன் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கற்பூரம் அணைவதைப் பார்த்தபடி, "நானும் ஆத்தான்னுதான் நெனச்சேன்" என்று சொன்னார், அவருடைய சத்தம் சிள்வண்டு மாதிரி விட்டுவிட்டு வந்தது. ஒரு தறியும் ஓடாத ஊரில் அத்தனை இரைச்சல் எழுந்தது. பெண்கள் அழுதார்கள். எத்தனை பிள்ளைகளுக்கு இந்தக் கம்பத்தடியில் சர்க்கரை போட்டோம் என்று நினைத்து அழுதார்கள்.

வசந்தாமணி மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். புருசன் பக்கத்தில் போய், அவர் காதில் தன் காதை வைத்துக் கேட்டாள்.

"இது கூடவேதானுங்களா என்னைய ஏசினீங்க?"

"ஆமா" என்றார் அர்த்தநாரி. வேறு எதுவும் சொல்லி அவர் தப்பிக்கப் பார்க்கவில்லை. அவளும் அவரை லேசில் விடவில்லை, பிற்பாடு பல நாள் அதைச் சொல்லிக்காட்டினாள், அவரும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை பஸ்ஸில் நிற்க இடமில்லை. கண்டக்டர் யாரையும் செல்போனை ஆப் பண்ணச் சொல்லவில்லை. டாக்டர் மெஹருன்னிசா சாயங்காலம் வரை எழுந்திருக்காமல் பார்த்தார். ஒவ்வொருவரிடமும் அதே பேரைச் சொன்னார், ஒவ்வொருவரும் அந்தப் பேரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். பட்டறைகளில் காதடைப்பான் வந்தது, தொட்டில்கள் தறியடியிலிருந்து நகர்ந்தன, முதலாளிகள் முணுமுணுத்தாலும் வாங்கித்தான் கொடுத்தார்கள். அர்த்தநாரியை யாரும் மேஸ்திரி வேலையிலிருந்து நிறுத்தவில்லை. கையை வைக்கிறபோது ஒளித்து வைக்க வேண்டியதில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். வெளியே வந்த சத்தங்கள் மழைத் தண்ணி வடிகிற மாதிரி மெல்ல மெல்ல அவரவர் காதுக்குள் திரும்பிப் போயின. வசந்தாமணியுடையது எல்லோருக்கும் கடைசியாகப் போனது. அவளுக்கு அது நிற்கவில்லை, நிற்கப்போவதும் இல்லை. ஆனால் தலைமாட்டில் ஃபேன் ஓட அவள் தூங்கினாள்.

கோகிலவாணியைத் தறியிலிருந்து எடுத்து ஊருக்கு வெளியே ஒரு நாற்றுப்பண்ணையில் சேர்த்துவிட்டார்கள். சில மாசங்கள் கழித்து ஒரு பராமரிப்பு நாள். தறிகள் நின்றன. வாசலில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். அர்த்தநாரி மகளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தப் பழைய கேள்வியைக் கேட்டார்.

"கம்பி பாடுதா, கண்ணு?"

கோகிலவாணி கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லீங்கப்பா. ஒண்ணுமே பாடல."

"ஒண்ணுமே பாடலைன்னா எப்படிக் கண்ணு இருக்கும்?" என்றாள் வசந்தாமணி. அவளுக்கு அது மறந்துபோயிருந்தது. "சொல்லேன், நாங்களும் கேக்கறோம்."

மகள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு மெதுவாக, அவர்கள் தன் உதட்டைப் பார்க்கும்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். "தகரத்து மேல ஒரு குருவி நடக்குதும்மா. நகம் படற சத்தம். அடுத்த வீட்டு அக்கா அரிசி பொடைக்கறாங்க. எங்கியோ குழாய்ல ஒவ்வொரு சொட்டா விழுகுது. வேப்பமரம் கொஞ்சமா அசையுது. அப்பறம் ஒண்ணுமில்ல. அப்பறம் அப்பா மூச்சு விடறாங்க."

இருவரும் அசையாமல் உட்கார்ந்து கேட்டார்கள். சொட்டு விழுகிறது என்று அவள் விரலைத் தூக்கும்போதெல்லாம் வசந்தாமணி தலையாட்டினாள். அர்த்தநாரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார், உள்ளே போய்ப் பெரிய தூக்குவாளியை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார். தெருவுக்கே டீயும் பஜ்ஜியும் வேண்டும் என்றார்.

"என்ன விசேசமுங்க மேஸ்திரி?" என்றார் கடைக்காரர்.

"என்ற புள்ளைக்குக் காது திறந்திருக்குதுங்க" என்றார் அர்த்தநாரி.